துரை நிரப்பாத கட்டங்கள்

எட்டு வயதில் எனக்கு இத்தாலியில் எட்னா என்றொரு எரிமலை இருப்பது தெரியும். எமு என்ற பறவைக்கு இறக்கை இருந்தும் பறக்க வராது என்பது தெரியும். நார்வே நாட்டின் தலைநகர் ஒஸ்லோ என்பதும் தெரியும். ஆனால் மலாயாவில் எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு அடுத்த தோட்டத்தின் பெயர் என்னவென்று யாராவது கேட்டிருந்தால் விழித்திருப்பேன்.

இந்த அறிவெல்லாம் பள்ளிக்கூடத்தில் வந்ததல்ல. எங்கள் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஒரு வாத்தியார், ஓர் அறை, நான்கு வகுப்புகள். அவர் காட்டிய உலகம் கங்கையில் தொடங்கிக் காவிரியில் முடிந்துவிடும். எனக்குக் கிடைத்ததெல்லாம் சிங்கப்பூரிலிருந்து வரும் ஓர் இங்கிலீஷ் பத்திரிகையின் உள்பக்கத்தில், கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்டிருந்த குறுக்கெழுத்துப் புதிரிலிருந்து வந்தது.

அப்பா அந்தத் தோட்டத்து ஆபீசில் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா. பத்திரிகை சிங்கப்பூரில் ரயிலேறி, புலாவ் செபாங் ஸ்டேஷனில் இறங்கி, தபால் பையோடு சேர்ந்து தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையின் பங்களாவுக்கு வரும். துரை காலையில் பசியாறும்போது அதைப் படிப்பார். மறுநாள் புதுப் பத்திரிகை வந்ததும் பழையது ஆபீசுக்கு இறங்கும். அங்கே அதற்கு யாரும் சொந்தம் கொண்டாடாததால் அப்பா மடித்து வீட்டுக்கு எடுத்துவருவார். சமையல் சாமான் வைக்கும் குசினி அலமாரித் தட்டில் விரிப்பதற்கு அதைவிட நல்ல காகிதம் கிடையாது.

அது ரப்பர் விலை விழுந்துகிடந்த காலம். தொழிலாளர் லயங்களில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். பல வரிசை மரங்களைப் பால் வெட்டாமல் சும்மா விட்டிருந்தார்கள். துரைக்கும் வேலை குறைவு. அப்போது அவருக்குக் கல்யாணமும் ஆகவில்லை. அதனால் கட்டங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். குதிரை, நாய், துப்பாக்கி, கிரிக்கெட் ஆகியவை சம்பந்தப்பட்ட சொற்களை அழுத்தமான பென்சிலால் நிரப்பியிருப்பார். உலகத்தில் மற்ற விஷயங்களும் இருக்கின்றன என்பது அந்தக் கட்டத்தைப் பார்த்தால்தான் தெரியும். அவையெல்லாம் காலியாகக் கிடக்கும்.

அம்மா பிறந்தது மலாக்கா டவுனில். அம்மாவின் அப்பா அங்கே ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். கடைக்குத் துணி வாங்க வந்த கன்னியாஸ்திரீகளிடம் நல்ல பெயர் எடுத்திருந்ததால், மகளை அவர்களுடைய பள்ளிக்கூடத்தில் சேர்க்க முடிந்தது. ஏழாம் ஸ்டாண்டர்டு வரை படிக்கவும் விட்டார். பிறகு ஒருநாள் திடீரென்று, பெண் வளர்ந்துவிட்டாள் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. அடுத்த தை மாதம் அம்மா கிராணி வீட்டுக்கு வந்துசேர்ந்துவிட்டார்.

தோட்டத்தில் இங்கிலீஷ் பேச அம்மாவுக்கு ஆள் இல்லை. படிக்கப் புத்தகமும் இல்லை. சாமான் கட்டிவரும் காகிதம்தான் கதி. பருப்பைத் தகரத்தில் கொட்டிவிட்டு, பொட்டலத்தைப் பிரித்து நீவி, நின்றவாக்கில் படிப்பார். முனை கிழிந்திருந்தால் அந்தச் செய்தி எப்படி முடிந்திருக்கும் என்று அன்று முழுதும் யோசித்துக்கொண்டிருப்பார். கிறிஸ்தியானியா என்ற ஊருக்கு ஒஸ்லோ என்று பெயர் மாற்றிவிட்டார்கள் என்பது அம்மாவுக்கு மல்லி கட்டிவந்த காகிதத்தின் மூலம் தெரிந்த செய்தி.

ஒருநாள் மத்தியானம் தட்டில் விரிப்பதற்காகப் பத்திரிகையைக் கையில் எடுத்தவர், அதைத் தட்டில் விரிக்கவில்லை. என் சிலேட்டுப் பைக்குள் கிடந்த கட்டைப் பென்சிலை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். தம்பி சாரோங் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் எழுந்து அழும்வரை அம்மா நிமிரவில்லை. துரை விட்ட கட்டங்கள் எல்லாம் நிரம்பிவிட்டன. பிறகு அம்மா பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுத் தம்பிக்குப் பால் கொடுக்கப் போனார். அதை ஒரு பெரிய காரியமாக அவர் நினைத்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் துரைக்கு அந்தப் பழைய பத்திரிகை வேண்டியிருந்தது. ரப்பர் விலையைப் பற்றிய ஏதோ ஒரு செய்தியை அவர் வெட்டி வைக்க மறந்துவிட்டாராம். அப்பா வீட்டுக்கு ஓடிவந்து எடுத்துக்கொண்டு போனார். மத்தியானம் சாப்பிட வந்தபோது அவர் முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"அந்தக் கட்டத்துல எழுதினது நீயா?" என்று அம்மாவைக் கேட்டார்.

"ஆமாங்க. ஏன்?"

"யாரு எழுதினதுன்னு துரை கேட்டாரு. நான்தான் சார்னு சொல்லிட்டேன்."

"எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

"அவர் பேப்பர்ல கிறுக்கி வச்சிருக்கோம். உன் பேரச் சொல்லப்போயி, அவர் ஏதாச்சும் ஏசிட்டா? ஏச்சு வாங்குறதுன்னா நானே வாங்கிக்கிறேன்னு பாத்தேன்."

"ஏசினாரா?"

அப்பா தட்டிலிருந்த சோற்றைப் பார்த்தபடி சொன்னார். "கையப் பிடிச்சுக் குலுக்கினாரு."

அம்மா அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. அப்பாவும் சிரித்தார். நானும் எதற்கென்று தெரியாமல் சிரித்தேன். அப்படித்தான் அது ஆரம்பித்தது.

அதற்குப் பிறகு துரை பழைய பத்திரிகையை ஆபீசுக்குச் சும்மா அனுப்புவதில்லை. தானே கொண்டுவந்து அப்பாவின் மேசைமேல் வைப்பார். புதிர்ப் பக்கம் மேலே தெரியும்படி மடித்திருக்கும். அப்பா அதை மத்தியானம் கொண்டுவருவார். சமையல் முடிந்து, பாத்திரம் கழுவி, தம்பியைத் தொட்டிலில் போட்டபிறகு அம்மா உட்காருவார். குறிப்பை முதலில் இங்கிலீஷில் தனக்குள் படித்துக்கொள்வார். பிறகு எனக்காகத் தமிழில் சொல்வார். "மலைநாட்டுல மூட்ட தூக்குற மிருகம், ஒட்டகத்துக்குச் சொந்தம், அஞ்சு எழுத்து." எனக்கு என்ன தெரியும்? இருந்தாலும் கழுதை, எருமை என்று எதையாவது சொல்வேன். "லாமா"வுக்கு முதலில் இரண்டு எல் போட வேண்டும் என்று அம்மா எழுதிக் காட்டினார். ஒரே எழுத்தை எதற்கு இரண்டு தடவை போட வேண்டும் என்று கேட்டேன். ஒன்று மூட்டை தூக்க, இன்னொன்று கூட நடக்க என்றார் அம்மா. நான் அதை நம்பினேன்.

தெரியாத சொல் வந்தால் அம்மா அதை அப்படியே விட்டுவிட்டுக் குறுக்கே ஓடும் மற்றச் சொற்களைப் பிடிப்பார். அவற்றின் எழுத்துகள் வந்து உட்கார்ந்ததும், தெரியாத சொல் தானாகவே முகத்தைக் காட்டும். மறுநாள் பத்திரிகையில் விடை வரும். தப்பாகப் போனால் அம்மா கோபப்பட மாட்டார். "ஓகோ, இவர்தானா நீங்க?" என்று அந்தப் புதுச் சொல்லை விருந்தாளியைப் போல வரவேற்பார்.

சாயங்காலம் அப்பாவின் பாடம் தொடங்கும். நிரப்பிய பத்திரிகையை அப்பா மறுநாள் ஆபீசுக்குக் கொண்டுபோவார். துரை காலையில் வந்து அதைப் பார்த்து, இது எப்படித் தெரிந்தது, அது என்ன என்று கேட்பாரே. அதனால் ஒவ்வொரு சொல்லையும் அதன் கதையோடு அப்பா மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது. அப்பாவின் இங்கிலீஷ் ஆபீஸ் இங்கிலீஷ். கடிதம் எழுதுவதில் அவரை அசைக்க முடியாது. ஆனால் அதில் எரிமலைக்கும் பறவைக்கும் இடமில்லை. கிணற்றடியில் தண்ணீர் இறைத்து ஊற்றிக்கொண்டே "எட்னா, இத்தாலி, எட்னா, இத்தாலி" என்று சொல்லிக்கொண்டிருப்பார். பக்கத்து வீட்டு அத்தை, கிராணி புதுசாக ஏதோ மந்திரம் ஜெபிக்கிறார் என்று நினைத்து, தன் வீட்டுக்காரரையும் சாமி கும்பிடச் சொல்லித் தொந்தரவு செய்ததாகக் கேள்வி.

ஒரு தடவை இரண்டு சொற்கள் குழம்பிவிட்டன. லாமா என்றால் என்ன என்று துரை கேட்க, பறக்கத் தெரியாத பெரிய பறவை என்று அப்பா சொல்லிவிட்டார். துரை மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாராம். கிராணி வேடிக்கையான ஆள் என்று அதற்கும் ஒரு நல்ல பெயர் வந்தது. அப்பா வீட்டுக்கு வந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. காலையில் துரை அப்பாவின் மேசையருகே நின்று ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் பேசிவிட்டுப் போவது வழக்கமானது. ஆபீசில் யாரிடமும் அவர் அப்படி நிற்பதில்லை. அப்பா சட்டைக் காலரை நிமிர்த்தி விட்டுக்கொண்டு போவதில் ஒரு பெருமை தெரிந்தது. அந்தச் சமயத்தில்தான் பெரிய கிராணி, வயதாகிவிட்டது, அடுத்த வருஷம் ஊருக்குப் போகிறேன் என்று சொன்னார். அந்த இடத்துக்கு நிறையப் படித்த ஆள் ஒருவர் இங்கேயே இருக்கிறாரே என்று துரை எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லியிருக்கிறார். ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த அந்த நாளில் இருக்கிற வேலை நிலைப்பதே பெரிய விஷயம். மேலே ஏறுவது என்றால் கேட்கவே வேண்டாம். பெரிய கிராணி வீட்டில் மூன்று அறை உண்டு, பின்னால் ஒரு ரம்புத்தான் பழ மரமும் உண்டு. நான் அந்த மரத்தை அப்போதே எனக்கென்று எழுதி வைத்துக்கொண்டேன்.

பிறகு துரை ஆறு மாத லீவில் சீமைக்குப் போய், கல்யாணம் முடித்து, துரைசானியோடு திரும்பி வந்தார்.

துரைசானி சின்ன வயதுக்காரர். வெயிலில் முகமெல்லாம் சிவந்து, எப்போதும் தொப்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டே நடப்பார். பங்களாவில் அவருக்குச் செய்ய எதுவும் இல்லை. தைப்பார், தபால் பை வருகிறதா என்று சடக்குப் பாதையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று பங்களா சமையற்காரர் சொல்வார். புருஷனோடு சேர்ந்து அவரும் கட்டங்களைப் பார்க்க ஆரம்பித்தார். இனி நமக்கு மிச்சம் எதுவும் வராது என்று அம்மா கொஞ்சம் கவலைப்பட்டார். ஆனால் துரைசானி ஒரு வேலை செய்தார். தெரிந்த சில சொற்களையும் வேண்டுமென்றே காலியாக விட்டு அனுப்பினார். அது அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அப்பா சாரோங்கும் பனியனுமாக வாசலில் உட்கார்ந்து சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். துரைசானி தனியாக நடந்து எங்கள் வீட்டை நோக்கி வந்தார். கையில் பத்திரிகை. அப்பா எழுந்த வேகத்தில் எண்ணெய்க் குப்பி உருண்டது. உள்ளே ஓடிச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, எங்கள் வீட்டில் இருந்த ஒரே நல்ல நாற்காலியைத் தோள்துண்டால் துடைத்துப் போட்டார். அம்மா கதவுக்குப் பின்னால், பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக நின்றார். நான் நடுவில் நின்றேன்.

துரைசானி அப்பாவிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். பத்திரிகையில் ஓர் இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். அப்பா பதில் சொல்லத் தடுமாறினார். பிற்பாடு அம்மா சொல்லித்தான் அங்கே என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியும். அந்த வாரம் வந்த ஒரு சொல், சட்டையின் கக்கத்தில் வைத்துத் தைக்கும் சின்னத் துண்டுக்கு உள்ள பெயர். அதற்கு முந்தினது மாதா கோயிலின் ஒரு பகுதிக்கு உள்ள பெயர். அதற்கும் முன்னால் ஒரு பின்னல் தையலின் பெயர். மூன்றும் துரைசானி தெரிந்தே காலியாக விட்டவை. கிராணியாரே, நீங்கள் தைப்பீர்களா என்று துரைசானி கேட்டிருக்கிறார். கேலியாகக் கேட்கவில்லை, ஆசையாகத்தான் கேட்டாராம்.

துரைசானி என் பக்கம் திரும்பினார். சமையற்காரரிடம் கற்றுக்கொண்ட கொஞ்சம் மலாய் அவருக்கு வரும். பத்திரிகையை என் முகத்துக்கு நேரே பிடித்து, "சியாப்பா பூவாட்?" என்றார். யார் செய்தது என்று கேட்கிறார். எனக்குத் தெரிந்த கேள்வி, தெரிந்த பதில். ஒரு வெள்ளைக்காரர் என்னை மதித்துக் கேட்கிறார். நான் கதவுப் பக்கம் கையை நீட்டி, "சாயா பூஞா மாக்!" என்று கத்தினேன். எங்க அம்மா.

சைக்கிள் சக்கரம் மட்டும் தானாகக் கொஞ்சம் சுற்றி நின்றது.

அம்மா ஓரடி வெளியே வந்தார். தலையைக் குனிந்தபடி அப்பாவிடம் தமிழில் சொன்னார். "அவங்ககிட்டச் சொல்லுங்க. இவ விளையாட்டுப் பிள்ள, வாயத் தொறந்தா பொய்தான். எனக்கு ஏபிசிடிகூடத் தெரியாதுன்னு சொல்லுங்க."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பள்ளிக்கூடத்தில் பல்பத்தைத் தொலைத்துவிட்டு யாரோ திருடிவிட்டதாகச் சொன்னதற்கு, இனிமேல் பொய்யே சொல்ல மாட்டேன் என்று அம்மா என்னைச் சாமி படத்துக்கு முன்னால் நிற்கவைத்துச் சொல்லச்சொல்லி ஒரு மாதம்கூட ஆகவில்லை. இப்போது அவரே, உண்மையைச் சொன்ன என்னை ஊரறியப் பொய்க்காரி ஆக்குகிறார். அழக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தேன்.

அம்மா சொன்னதை அப்பாதான் இங்கிலீஷில் சொல்ல வேண்டும். துரைசானி அதற்காகக் காத்திருந்தார். அப்பா கையிலிருந்த எண்ணெயைத் தோள்துண்டில் துடைத்தார். விரல் விரலாகத் துடைத்தார். பிறகு நிமிர்ந்து, மெதுவாக, கடிதம் எழுதுவதுபோல நிறுத்தி நிறுத்தி ஏதோ சொன்னார். அது அம்மா சொன்னதைவிட நீளமாக இருந்தது. சொல்லி முடித்ததும் அம்மா வெடுக்கென்று தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தார்.

அப்பா சொன்னது இது: "தனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று சொல்லச் சொல்கிறாள். எனக்காக அப்படிச் சொல்கிறாள். அந்தச் சொற்கள் எல்லாமே என் மனைவியுடையவை, மேடம். நான் அவற்றை ஆபீசுக்குக் கொண்டுபோனவன் மட்டும்தான்."

துரைசானி நாற்காலியிலிருந்து எழுந்து கதவருகே போனார். அம்மாவிடம் இங்கிலீஷில் பேசினார். அம்மா முதலில் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு ஒரு சொல், பிறகு ஒரு வாக்கியம். அம்மா வாயிலிருந்து முழுதாக ஓர் இங்கிலீஷ் வாக்கியம் வந்து நான் கேட்டது அன்றுதான். வேறு யாரோ பேசுவதுபோல இருந்தது. குரல்கூடக் கொஞ்சம் உயர்ந்து, பள்ளிக்கூடப் பிள்ளையின் குரலாக ஆகிவிட்டது. இருவரும் தையலைப் பற்றிப் பேசினார்களாம். துரைசானி தன் பாவாடை ஓரத்தைத் திருப்பிக் காட்டினார். அம்மா விரலால் தொட்டுப் பார்த்து ஏதோ குறை சொன்னார் போலிருக்கிறது. இருவரும் சிரித்தார்கள். அப்பா சைக்கிளின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஏற்கெனவே எண்ணெய் போட்ட சங்கிலிக்கு மறுபடியும் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாளிலிருந்து துரை அப்பாவின் மேசைக்குப் பத்திரிகை கொண்டுவரவில்லை. பங்களா சமையற்காரர் கறிகாய் வாங்கப் போகிற வழியில் எங்கள் வீட்டு வாசலில் நின்று, துரைசானி கொடுக்கச் சொன்னதாக அம்மாவிடம் நேராகக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு தடவை அதோடு ஒரு பழைய அகராதியும் வந்தது. அட்டை போய், முதல் சில பக்கங்களும் போயிருந்தன. அப்பாதான் பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டு, முதுகில் பசை தடவி, அம்மிக் குழவியை மேலே வைத்து அழுத்திக் கொடுத்தார். அதன்மேல் அம்மாவின் பெயரை ஆபீஸ் எழுத்தில் அழகாக எழுதியதும் அவர்தான்.

துரை அப்பாவைத் திட்டவில்லை. வேலையிலிருந்து எடுக்கவும் இல்லை. காலையில் அவர் மேசையருகே நிற்பது மட்டும் நின்றுபோயிற்று. குட்மார்னிங் கிராணி என்று சொல்லிவிட்டு நேரே உள்ளே போய்விடுவாராம். நாலைந்து மாதம் கழித்துப் பெரிய கிராணி கப்பலேறினார். அவர் இடத்துக்கு ஜாசின் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வேறொருவர் வந்தார். அது துரையின் கோபமா, அல்லது வந்தவருக்கு உண்மையிலேயே அதிகத் தகுதி இருந்ததா, யாரும் அப்பாவிடம் சொல்லவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. ரம்புத்தான் மரம் புதுக் கிராணியின் பிள்ளைகளுக்குப் போனதில் எனக்கு மட்டும் வெளிப்படையான வருத்தம். அன்றைக்கு நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்த மரம் எங்களுக்கு வந்திருக்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. யாரும் எனக்கு அதைச் சொல்லிக் காட்டவும் இல்லை.

எனக்கு அப்போது இருந்த ஒரே குறை, அம்மா என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை என்பதுதான். நான் சொன்னது உண்மையென்று அப்பாவே ஒத்துக்கொண்டபிறகும் என்னைப் பொய்க்காரி என்றது பொய்தான் என்று அம்மா சொல்லவே இல்லை. இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்து பார்த்தேன். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. மூன்றாம் நாள் பசியில் நானே பேசிவிட்டேன்.

அப்பா சாயங்காலங்களில் சும்மா இருந்தார். கிணற்றடியில் எட்னா இல்லை, இத்தாலி இல்லை. தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்கும். மனப்பாடத் தொல்லை தீர்ந்ததில் அவருக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நான் நினைத்தேன்.

பிறகு அம்மாவிடம் ஒரு மாற்றம் வந்தது. முன்பெல்லாம் மத்தியானத்திலேயே கட்டங்களை முடித்துவிடுகிறவர், இப்போது இரண்டு மூன்று சொற்களைச் சாயங்காலம் வரை வைத்திருப்பார். அப்பா சாயா குடிக்க உட்கார்ந்ததும், "என்னங்க, இது என்னன்னு தெரியலையே" என்று பத்திரிகையை நீட்டுவார். அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது என்று நான் முடிவு கட்டினேன். அகராதியில் பக்கங்கள் இல்லாததால் இருக்கலாம் என்றும் நினைத்தேன்.

ஒருநாள் அப்படித்தான் கேட்டார். மலாயாக் காட்டில் கிடைக்கும் கொடி, நாற்காலி பின்ன உதவும், ஆறு எழுத்து. அம்மா அதைக் கேட்டபோது உட்கார்ந்திருந்ததே ஒரு பிரம்பு நாற்காலியில். ஒரு கால்பக்கத்துப் பின்னல் பிரிந்து, அந்தக் கொடி அவர் காலடியில் தொங்கிக்கொண்டிருந்தது. தோட்டத்தில் நடக்கப் பழகிய பிள்ளைக்குக்கூட ரோத்தான் என்றால் பிரம்பு என்று தெரியும். வாத்தியார் கையில் இருப்பது அதுதானே. போதாததற்கு, இங்கிலீஷில் அதை எப்படிச் சொல்வார்கள், எத்தனை டி போடுவார்கள் என்று அன்று மத்தியானம்தான் அம்மாவே எனக்கு எழுதிக் காட்டியிருந்தார்.

அப்பா சாயாக் கோப்பையைக் கீழே வைத்தார். நெற்றியைச் சுருக்கினார். கூரையைப் பார்த்தார். "கொடின்னா... ஆறு எழுத்தா..." என்று இழுத்தார். அவர் பார்வை ஒரு தடவை அம்மா உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் போய், சட்டென்று வேறு பக்கம் திரும்பியது.

எனக்குத் தாங்கவில்லை. "ரோத்தான்பா! ராட்டன்! நடுவுல ரெண்டு டி! அம்மாவுக்கு நல்லாத் தெரியும், மத்தியானம்தான் எனக்கு எழுதிக் காட்டினாங்க!" என்று குதித்தேன்.

அம்மா என்னைப் பார்த்த பார்வையை என்னவென்று சொல்ல. அடிப்பதற்கு முந்தின பார்வை அல்ல அது. அழுவதற்கு முந்தினதும் அல்ல. அப்பா என் பக்கம் திரும்பாமலே, "கொஞ்சம் இரு பாப்பா, நான் யோசிச்சுப் பாக்குறேன்" என்றார். இன்னும் கொஞ்சநேரம் கூரையைப் பார்த்துவிட்டு, அப்போதுதான் கண்டுபிடித்தவரைப்போல, "அட, ராட்டன்லா இது!" என்றார். அம்மா பென்சிலை நீட்டினார். அப்பா ஒவ்வோர் எழுத்தாக, ஆபீஸ் எழுத்தில், அழகாக நிரப்பினார். அம்மா எழுந்து வந்து அவர் தோளுக்குமேல் குனிந்து பார்த்து, "சரியாத்தாங்க இருக்கு" என்றார். அப்பா சிரித்துக்கொண்டே ஆறிப்போன சாயாவை எடுத்துக் குடித்தார்.

சொன்னது நான். எல்லாருக்கும் முன்னால், எழுத்துக் கூட்டிச் சொன்னது நான். அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பெரியவர்களுக்கு நேர்மை கிடையாது என்று நினைத்துக்கொண்டு வெளியே போய், பக்கத்து வீட்டு அத்தையிடம் அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தது யார் என்று விவரமாகச் சொன்னேன். அத்தைக்கும் புரியவில்லை. அவரையும் சேர்த்து வெறுத்தபடி, இருட்டி அம்மா சாப்பிடக் கூப்பிடும்வரை வாசற்படியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.